அக்குபங்சர்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

சீன மருத்துவம், அக்குபங்சர் பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

முந்திரி உடைக்கும் வேலை செய்கிறேன். நாள் முழுக்கத் தரையில்தான் உட்கார்ந்திருப்பேன். இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார்கள். அக்குபங்சர் செய்தால் தேய்ந்தது வளருமா?
– வாசகி, பண்ருட்டி

வளராது. தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஊசியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வளர்த்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். வலி குறைய வாய்ப்பு உண்டு. முதுகு, கழுத்து, முழங்கால், தலை என்று நாள்பட்ட வலி உள்ள 20,827 பேரை வைத்து நடந்த 39 ஆய்வுகளை 2018-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்திருந்தது. அந்தப் பலனில் பெரும்பகுதி ஓராண்டு கழித்தும் நிலைத்தது. ஆனால் பெயருக்குக் குத்திய போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியதுதான். இரண்டையும் தெரிந்துகொண்டு போங்கள்.

படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து லேசாக மடக்கச் சொல்வார்கள். சில்லுக்குக் கீழே இருபக்கமும் தெரியும் குழிகளில் குழிக்கு ஒரு ஊசி. வெளிக்குழியிலிருந்து நான்கு விரற்கடை கீழே இறங்கி, முன்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி இன்னொன்று. அக்குபங்சர் படங்களில் எஸ்டி 36 என்று குறிக்கும் புள்ளி இதுதான். விரற்கடை என்றால் உங்கள் விரலால் அளப்பது, சிகிச்சை தருபவரின் விரலால் அல்ல. ஊசி சுமார் 0.25 மி.மீ. தடிமன், 40 மி.மீ. நீளம். எஸ்டி 36-ல் 2 செ.மீ. அளவுக்கு இறங்கும். சரியாக விழுந்தால் அந்த இடம் கனத்து மதமதவென்று இருக்கும். சுரீரென்று பாதம் வரை மின்சாரம் பாய்ந்தால் ஊசி நரம்பைத் தொட்டிருக்கிறது. பல்லைக் கடித்துப் பொறுக்காமல் உடனே சொல்லுங்கள்.

20 முதல் 30 நிமிடம் ஊசியை விட்டுவைப்பார்கள். வாரம் இரண்டு முறை, மொத்தம் எட்டுப் பத்து முறை என்பது வழக்கமான கணக்கு. ஆறு முறை ஆகியும் படி ஏறுவதிலோ ராத்தூக்கத்திலோ மாற்றமே இல்லை என்றால் நிறுத்திவிடலாம். கூடவே தரையை விட்டு முக்காலிக்கு மாறுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டி 5 நொடி நிறுத்தி இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். தொடைத்தசை வலுத்தால்தான் மூட்டின் மேல் விழும் சுமை குறையும்.

எனக்குப் பத்து வருடமாக ஒற்றைத் தலைவலி. அக்குபங்சர் பார்ப்பவர் தலையைத் தொடாமல் நாக்கைப் பார்த்தார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார், கடைசியில் பாதத்தில் ஊசி போட்டார். சரியான முறைதானா?
– வாசகி, முத்தியால்பேட்டை

சீன மருத்துவத்தில் முறையே அதுதான். நம் சித்த மருத்துவர் மூன்று விரலால் வாத, பித்த, கப நாடி பார்ப்பதுபோல அவர்களும் ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று இடம் தொட்டுப் பார்ப்பார்கள். நாக்கின் நிறம், ஓரத்துப் பல்தடம், மேலே படிந்த மாவு எல்லாமே கணக்கில் வரும். வலி எங்கே என்பதும் முக்கியம். உடம்பில் உயிர்ச்சக்தி ஓடுவதாக அவர்கள் சொல்லும் பாதைகளில், நெற்றி என்றால் வயிற்றுப் பாதை, கன்னப்பொறி என்றால் பித்தப்பைப் பாதை, பிடரி என்றால் சிறுநீர்ப்பைப் பாதை, உச்சி என்றால் கல்லீரல் பாதை என்று பிரிப்பார்கள். உங்களுக்குப் போட்டது பெரும்பாலும் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, பாதத்தின் மேல் உள்ள கல்லீரல் பாதைப் புள்ளியாக இருக்கும். அவர்கள் சொல்லும் 'கல்லீரல்' ஸ்கேனில் தெரிகிற ஈரல் அல்ல. உங்கள் ஈரலில் கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதில் அக்குபங்சருக்கு நல்ல ஆதாரமே உண்டு. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2016-ல் வெளியிட்ட தொகுப்பில், வலி வரும்போது மட்டும் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்குப் 17 பேருக்குத் தலைவலி பாதியாகக் குறைந்தது. ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் 41 பேருக்கு. தொடங்கும் முன் ஒரு மாதம் காலண்டரில் குறித்துவையுங்கள்: வலி வந்த நாள், போட்ட மாத்திரை. மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போடுகிறவர் என்றால் மாத்திரையே தலைவலியைப் பிடித்துவைத்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஊசி மட்டும் போட்டால் பலன் தெரியாது. திடீரென இடி விழுந்ததுபோல வரும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கும் வலி, கை கால் மரத்துப்போவதோடு வரும் வலி, இவற்றுக்கு முதலில் ஆஸ்பத்திரி.

சர்க்கரை, தைராய்டு, பிரஷர் மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு ஹீலர், ஒரு விரலால் தொட்டே சிகிச்சை தருகிறார். மாத்திரைதான் கழிவைத் தேக்குகிறது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்கிறார். நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது, நன்றாகத்தான் இருக்கிறேன்.
– வாசகர், நெல்லிக்குப்பம்

ஐயா, இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மறுபடி எந்த மாத்திரை, எந்த அளவில் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

'நன்றாக இருக்கிறேன்' என்பது எதற்கும் சாட்சி ஆகாது. தைராய்டு மாத்திரையின் பாதி அளவு உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் சோர்வும் வீக்கமும் மெல்லத்தான் எட்டிப்பார்க்கும். பிரஷர் ஏறியது பெரும்பாலும் தெரியவே தெரியாது. சில வகைப் பிரஷர் மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட எகிறும். சர்க்கரை 250-ல் நின்றாலும் பலருக்கு எந்த உணர்வும் இருக்காது. கண்ணும் சிறுநீரகமும் பாதமும் மட்டும் பழுதாகிக்கொண்டிருக்கும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும். இன்சுலின் மட்டுமே நம்பியிருக்கும் முதல் வகை நீரிழிவுப் பிள்ளைகள் ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தம் அமிலமாகி மூச்சு வாங்கும், வாந்தி எடுக்கும். அதையும் 'கழிவு வெளியேறுகிறது' என்று சொல்லிக் காத்திருக்கவைப்பது உயிரோடு விளையாடுவது.

சீனாவின் பாரம்பரிய மருத்துவமனைகளிலேயே ரத்தப் பரிசோதனையும் இன்சுலினும் மாத்திரையும் உண்டு. ஊசியும் கஷாயமும் அவற்றோடு சேர்ந்தே நடக்கின்றன. நோயாளியின் மாத்திரையைப் பிடுங்குவது அந்த மருத்துவம் கேட்கும் நிபந்தனை அல்ல.

இன்னொன்று. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் 'மாக்சா' என்னும் மூலிகைச் சுருட்டைக் கொளுத்திக் காட்டும் சூட்டுச் சிகிச்சையைக் காலில் செய்துகொள்ளக் கூடாது. சூடு தெரியாமலே கொப்பளிக்கும். அந்தப் புண் ஆறவும் ஆறாது.

மருமகளுக்கு இரண்டாம் மாதம். ஓயாமல் குமட்டல். கையை அழுத்தினால் நிற்குமாமே?
– வாசகி, கடலூர் முதுநகர்

அழுத்திப் பார்க்கலாம், ஊசி தேவையில்லை. உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு ரேகையில் தொடங்கி முழங்கைப் பக்கமாக மருமகளின் மற்றொரு கையின் மூன்று விரல்களைச் (ஆள்காட்டி, நடு, மோதிர விரல்) சேர்த்து வையுங்கள். மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் இரண்டு தசைநாண் புடைக்கும். முழங்கைப் பக்கம் இருக்கும் விரலின் ஓரத்தில், அந்த இரண்டு நாணுக்கும் நடுப்பள்ளமே புள்ளி. பெருவிரலால் இரண்டு மூன்று நிமிடம், லேசாக வலிக்கும் அளவுக்கு அழுத்தி, பிறகு அடுத்த கை. நாணின் மேலேயே அழுத்துவதுதான் பலரும் செய்யும் பிழை. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. பெருவிரல்–ஆள்காட்டி இடுக்கையும் உள் கணுக்காலுக்கு மேலுள்ள புள்ளியையும் கர்ப்பத்தில் தொடக் கூடாது என்பது சீன மரபு; அதை மதிப்பதில் நஷ்டமில்லை. தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது என்றால் அழுத்திக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் டிரிப்ஸ் ஏற்றுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து மகன் கொண்டுவந்த சீன மூட்டுவலி மாத்திரையில் நான்கே நாளில் வலி போய்விட்டது. தொடரலாமா?
– வாசகர், வில்லியனூர்

நான்கே நாளில் போனதுதான் கவலை. மூலிகை இவ்வளவு வேகமாக வேலை செய்யாது. மூட்டுவலிக்கு என்று விற்கும் மூலிகை மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பசி கூடியிருக்கிறதா, முகம் உப்பியிருக்கிறதா, சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென நிறுத்தாதீர்கள். உடம்பு தானாக ஸ்டீராய்டு சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும். திடீரென விட்டால் மயக்கம், தாழ்ந்த ரத்த அழுத்தம் வரும். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

மூலிகையே ஆனாலும் ஆள்மாறாட்டம் நடக்கும். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கும் மருந்து சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சீனப் பெயர் ஒத்திருந்ததால் ஸ்டெஃபானியா வேருக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா வேர் வந்திருந்தது. நம் ஊர் ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்; அந்த நஞ்சு புற்றுநோயையும் உண்டாக்கும். சீனக் கஷாயங்கள் பலவற்றில் சேரும் அதிமதுரமும் வாரக்கணக்கில் போனால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு டாங் குவை, டான் ஷென் என்னும் சீன மூலிகைகள் இரண்டும் ஆகவே ஆகாது. ரத்தம் உறையாமல் ஒழுகும்.

புதுச்சேரியில் நல்ல அக்குபங்சர் நிலையம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காதில் விதை ஒட்டுவதும் சீன முறைதானா?
– வாசகர், லாஸ்பேட்டை

இப்போது புழங்கும் காதுப் புள்ளிப் படம் பிரெஞ்சுக்காரர் தந்தது. லியோன் நகர மருத்துவர் பால் நோஜியே 1957-ல் வெளியிட்டார். சீனர்கள் பிறகு அதை வளர்த்தார்கள். விதை ஒட்டுவதில் ஆபத்து குறைவு. மூன்று நாளுக்கு மேல் விடாதீர்கள். நம் ஊர் வியர்வைக்குத் தோல் புண்ணாகும்.

மத்திய அரசு 2019-ல் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. முறையை ஏற்றதால் பலகை மாட்டிய எல்லோரும் படித்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். எங்கே, எவ்வளவு காலம் படித்தார் என்று கேளுங்கள். ஊசி உறை உங்கள் கண்ணெதிரே பிரிய வேண்டும், ஒருமுறை ஊசியாக இருக்க வேண்டும். மஞ்சள் காமாலை பி வைரஸ் பரவிய வழிகளில் பழைய ஊசியும் ஒன்று. போட்ட ஊசிகளை எண்ணிக்கொண்டு, எடுத்ததும் எண்ணுங்கள். தலைமுடிக்குள் ஒன்று தங்கிவிடுவது உண்டு. வெறும் வயிற்றில் போகாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள், முதல் தடவை படுத்தே போட்டுக்கொள்ளுங்கள், மயக்கம் வரும் வாய்ப்பு குறையும். பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரம் பாய்ச்சும் அக்குபங்சர் வேண்டாம்.

தோள்பட்டை, மேல்முதுகு, மார்பில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலைத் துளைக்கும். அரிதுதான், ஆனாலும் நடக்கிறது. வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சு இழுக்கும்போது ஒருபக்கம் குத்தினாலோ மூச்சு வாங்கினாலோ, நேரே அவசரப் பிரிவுக்குப் போய், தோளில் ஊசி போட்டதை முதல் வார்த்தையாகச் சொல்லி மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.