கார்ட்டூன் தொடரிலிருந்து பிறந்த பேட்மேன் காமிக்ஸ் படிக்கத் தகுந்ததா?

கேள்வி: தொலைக்காட்சி அனிமேஷன் தொடர்களை ஒட்டி வந்த சூப்பர்ஹீரோ காமிக்ஸ்களைப் பெரியவர்கள் படிக்கலாமா? அவை சிறுவர்களுக்கான விளம்பரச் சரக்குதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பழைய புத்தகக் கடையில் 'தி பேட்மேன் அட்வெஞ்சர்ஸ்' இதழ்களைப் பலமுறை கையில் எடுத்து, இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். பேட்மேன் கதை என்றால் மழையும் ரத்தமும் சொட்ட வேண்டும் என்று நம்பிய வயது. இந்தப் படங்களோ மழமழவென்று, கோடுகளே இல்லாததுபோல இருந்தன. ஒருநாள் நீண்ட பஸ் பயணத்துக்கு வேறெதுவும் கிடைக்காததால் ஒன்றை வாங்கினேன். ஊர் வருவதற்குள் இரண்டு முறை படித்து முடித்திருந்தேன்.

பேட்மேன் அனிமேஷன் தொடர் 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதன் பாணியிலேயே, பேட்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் அதே ஆண்டு இந்த மாத இதழைக் கொண்டுவந்தது. 1995 வரை 36 இதழ்கள். பெரும்பாலான கதைகளை எழுதியவர் கெல்லி பக்கெட். முதலில் டை டெம்பிள்டனும், சில இதழ்களுக்குப் பிறகு மைக் பரோபெக்கும் வரைந்தார்கள்.

அந்த நேரத்தில் டிசியின் முதன்மை பேட்மேன் இதழ்களில் என்ன நடந்தது தெரியுமா? 1993இல் பேன் என்ற வில்லன் பேட்மேனின் முதுகெலும்பை முறித்தான். அந்தக் கதையை முழுதாகப் படிக்க நாலைந்து இதழ்த் தொடர்களைத் துரத்த வேண்டும். 'அட்வெஞ்சர்ஸ்' இதழ்களிலோ பெரும்பாலும் ஓர் இதழுக்குள் ஒரு கதை முடிந்துவிடும். முன்னும் பின்னும் இல்லாமல் ஒற்றை இதழாகப் பொறுக்கி வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குழந்தைத்தனம் என்று நான் ஒதுக்கிய படங்களுக்கு வருகிறேன். அனிமேஷனில் ஒரே உருவத்தை ஆயிரக்கணக்கான முறை வரைய வேண்டும் என்பதால் தேவையற்ற கோடுகளையெல்லாம் உதிர்த்துவிடுவார்கள். தாடை ஒரு சதுரம், மேலங்கி ஒரே கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். அச்சில் இந்தச் சிக்கனம் எதிர்பாராத ஒன்றைச் செய்கிறது. தசையையும் நிழலையும் நுணுக்கி நுணுக்கி வரைந்த கட்டத்தில் கண் நின்றுவிடும்; பரோபெக்கின் பக்கத்தில் கண் ஓடும். பேட்மேன் கூரையிலிருந்து குதித்தால் அவன் எந்தப் பக்கம் விழுவான் என்று உடம்பின் வளைவே சொல்லிவிடும். பக்கெட்டும் அதைப் புரிந்துகொண்டு வசனத்தைக் குறைத்துக்கொண்டார். பரோபெக் 1996இல், முப்பது வயதில் இறந்துபோனார். இன்னும் எவ்வளவு வரைந்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் கனக்கும்.

'விளம்பரச் சரக்கு' என்கிறீர்களே, அதற்கு ஹார்லி க்வின்தான் பதில். பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கரின் அடியாளாக 1992இல் தொலைக்காட்சித் தொடரில் அறிமுகமானவள்; காமிக்ஸில் முதலில் கால்வைத்தது இந்த இதழின் 12ஆம் எண்ணில். மனநல மருத்துவராக இருந்த ஹார்லி எப்படி ஜோக்கர்மீது பித்துக்கொண்டாள் என்ற கதையை, தொடரை உருவாக்கியவர்களில் இருவரான பால் டினியும் புரூஸ் டிம்மும் 1994இல் 'மேட் லவ்' என்ற தனி இதழாகச் செய்தார்கள். அதற்கு, காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருது கிடைத்தது. 1999இல் அதே கதை திரும்பவும் தொலைக்காட்சி அத்தியாயமானது. அப்படியானால் யார் யாருக்கு விளம்பரம்?

முதலில் எதைப் படிப்பது என்று கேட்டால் 'மேட் லவ்'வைத்தான் சொல்வேன். சிரிக்கச் சிரிக்கப் படித்துக்கொண்டே போனால் கடைசியில் நெஞ்சை அடைக்கும்: அடிக்கிறவனையே நம்பி மறுபடி மறுபடி திரும்பும் ஒரு பெண்ணின் கதை அது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். அடுத்து, 1996இல் தொடங்கிய 'சூப்பர்மேன் அட்வெஞ்சர்ஸ்'. காமிக்ஸின் இலக்கணத்தையே காமிக்ஸாக வரைந்து காட்டிய ஸ்காட் மெக்கிளவுட் அதன் தொடக்க இதழ்களில் பலவற்றை எழுதினார். எல்லாத் தொடர்களும் இந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். நாலு பக்கத்தில் கொட்டாவி வரவைப்பவையும் உண்டு.

ஒன்றை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தொடரைப் பார்த்தவராக இருந்தால், படிக்கும்போது அதில் பேட்மேனாகப் பேசிய கெவின் கான்ராயின் குரலும் ஜோக்கராகப் பேசிய மார்க் ஹாமிலின் சிரிப்பும் தாமாகவே காதில் கேட்கும். எனக்கு இன்றுவரை ஜோக்கர் வேறு குரலில் பேசியதில்லை.

என் அக்கா மகனுக்கு ஹார்லியைத் திரைப்படங்களில்தான் தெரியும். பதினைந்து வயதானதும் 'மேட் லவ்' கொடுத்தேன். அதில் பேட்மேனைப் பிரானா மீன்களுக்கு இரையாக்க ஹார்லி தலைகீழாகத் தொங்கவிடுவாள். மீன்களின் தொங்கிய வாய் அவனுக்குச் சிரிப்பதுபோலத் தெரிய வேண்டுமாம். அந்தப் பக்கம் வந்ததும் பையன் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.