பீரோவுக்குள் மாயாவி: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 46. முத்து, லயன், ராணி என்று தமிழ் காமிக்ஸ் எதுவானாலும் சேர்ப்பேன். பழைய புத்தகக் கடைகள், எடைக்குப் போடும் இடங்கள், வெளியூர் நண்பர்கள் என்று தேடித் தேடி வாங்கியவை இன்று இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். கை பட்டால் ஓரம் நைந்துவிடும் என்று நானே பிரிப்பதில்லை. துணி வைக்க இடமில்லை என்று மனைவிக்கு வருத்தம். சொந்தக்காரர்கள், 'இன்னும் பொம்மை புக் படிக்கிறியா' என்று சிரிக்கிறார்கள். போன மாதம் ஒரு வியாபாரி மொத்தமாகக் கேட்டார், நல்ல விலை. அதே வாரம் ஏழாவது படிக்கும் என் மகள் ஒரு புத்தகம் கேட்டாள். கிழிந்துவிடும் என்று தரவில்லை. "அப்புறம் எதுக்குப்பா வெச்சிருக்கீங்க?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. விற்றுவிடலாமா? இது ஒரு சிறுபிள்ளைத்தனம்தானா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

சிறுபிள்ளைத்தனமா என்ற கேள்வியை விடுங்கள். பன்னிரண்டு வயதில் பிடித்த ஒன்றை 46 வயது வரை விடாமல் நேசிப்பவரைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி.

காமிக்ஸை நம் ஊரில் யாரும் பாதுகாக்க வேண்டிய பொருளாக நினைத்ததில்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். 1984-ல் அவருடைய மகன் விஜயன் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், மாதம் இரண்டு இதழ், ஒன்றரை ரூபாய். பெட்டிக்கடையில் சணல் கயிற்றில் தொங்கும். வாங்கினவன் படித்துவிட்டு அடுத்தவனுக்குத் தருவான், அவன் இன்னொருவனுக்கு. கடைசியில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிடுங்கிக்கொள்வார், இல்லாவிட்டால் பரீட்சை முடிந்ததும் அம்மா பாடப் புத்தகங்களோடு எடைக்குப் போட்டுவிடுவார். நூலகத்தில் போய், முத்து காமிக்ஸ் நாயகனான 'இரும்புக்கை மாயாவி இருக்கிறதா' என்று கேட்டால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்று ஒரு பழைய இதழைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்றால், உங்களைப் போன்ற யாரோ ஒருவர் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு அதை வைத்திருந்ததால்தான்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். வாழ்நாள் முழுக்கப் புத்தகம் சேர்த்தார். புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், சினிமா பாட்டுப் புத்தகங்கள் என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது அந்த வீட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது, ஆனால் தமிழ்நாட்டை விட்டு எடுத்துப் போகவில்லை. அந்தச் சேகரிப்பில் பிறந்ததுதான் சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தைப் பார்க்க இன்று ஆய்வாளர்கள் அங்கே போய் உட்காருகிறார்கள். தமிழ் சினிமாத் தகவல்களைச் சேர்த்த பிலிம் நியூஸ் ஆனந்தனும் அப்படித்தான். படத்தின் பெயர், தேதி, நடிகர், ஸ்டில் என்று தனி மனிதராகச் சேர்த்துச் சேர்த்து வைத்தார். பிறகு அதைத் தமிழக அரசே வாங்கியது. இவர்கள் இருவரும் முதலில் ரசிகர்கள். ரசனை இல்லாமல் இவ்வளவு பொறுமை வராது.

அதனால் விற்காதீர்கள், குறிப்பாக மொத்தமாக விற்காதீர்கள். மொத்தமாக வாங்குபவர் பிரித்துத்தான் விற்பார். அரிய இதழ்கள் நாலு பணக்காரர் கைக்குப் போகும், மற்றவை மறுபடியும் எடைக்கு. முப்பது வருடம் நீங்கள் ஒன்று சேர்த்தது ஒரே மாதத்தில் சிதறிப்போகும். வீட்டில் பணமுடை என்றால் அது வேறு விஷயம், உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அதற்காக, ஒட்டி வைத்த கவருக்குள் இருப்பதும் சரியென்று சொல்ல மாட்டேன்.

என்னிடம் ஒரு இரும்புக்கை மாயாவி பிரதி இருக்கிறது. அட்டையின் ஒரு மூலை இல்லை. முதல் பக்கத்தில் வாடகை நூலகம் ஒன்றின் ஊதா ரப்பர் ஸ்டாம்ப், ஊர்ப் பெயர் கலைந்துவிட்டது, 'தினம் 10 காசு' மட்டும் தெரிகிறது. மாயாவிக்கு வலது கை இரும்பு, உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். ஆகவே பல கட்டங்களில் வெறும் கை மட்டும் காற்றில் மிதக்கும். என் பிரதியைப் படித்த ஏதோ ஒரு குழந்தை, அந்தக் கட்டங்களில் மட்டும் பென்சிலால் புள்ளி புள்ளியாக ஒரு மனிதனை வரைந்திருக்கிறது. தோள், தலை, ஓடும் கால்கள், ஒரு கட்டத்தில் சட்டைப் பொத்தான்கூட. கை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப ஆள் குனிகிறான், நிமிர்கிறான். கண்ணுக்குத் தெரியாதவன் எங்கே நிற்கிறான் என்று அந்தக் குழந்தை ஒவ்வொரு கட்டமாக யோசித்திருக்கிறது.

பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் இதைக் காட்டினேன். "நல்ல ரப்பரா போட்டு அழிச்சிடுங்க சார், விலை கூடும்" என்றார். அவர் தொழில் அது, அவர்மேல் கோபமில்லை. ஆனால் அந்தப் பென்சில் கோட்டுக்காகவே நான் அந்தப் பிரதியை வைத்திருக்கிறேன். மாயாவியின் கதை பிரிட்டனில் வேலியண்ட் என்ற வார இதழில் 1962-ல் வரத் தொடங்கியது, ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. அந்த இதழே 1976-ல் நின்றுபோயிற்று. இங்கேயோ அந்த ஆள் பெயர் மாறி, மொழி மாறி, நம் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டான். அது எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் நைந்துபோன பிரதிகளைத்தான் பார்க்க வேண்டும். மடிப்பு கலையாத புத்தகத்தில் யாரும் படித்த தடயம் இருக்காது.

விலை ஏறிய பிறகு நம் நண்பர்கள் வட்டத்திலும் பேச்சு மாறிவிட்டது. முன்பு 'அந்தக் கதையில் அந்த இடம் ஞாபகம் இருக்கா' என்பார்கள். இப்போது 'முழு செட் இருக்கா, என்ன கண்டிஷன்' என்கிறார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஒரு எண் விட்டுப்போனால் தூக்கம் வராது என்பவரிடம், கைவசம் இருப்பதில் எத்தனை படித்தீர்கள் என்று கேளுங்கள். தயங்குவார்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டிய கவர் புத்தகத்துக்கே நல்லதில்லை. மழைக்காலத்து ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் பூஞ்சை பிடிக்கும். சாதா பிவிசி கவர் நாளாக ஆகப் பிசுபிசுத்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் கவர் கிடைத்தால் வாங்குங்கள், வாய் திறந்தே இருக்கட்டும். கிழிசலுக்கு செல்லோ டேப் போடவே போடாதீர்கள், பசை பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிட்டு வெள்ளை நூலால் தைத்துவிடலாம். பைண்டிங்குக்குக் கொடுத்தால் ஓரம் வெட்டக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லுங்கள், மெஷினில் ஒரே வெட்டில் வசன பலூனின் பாதி போய்விடும். மட்ட ரகத் தாள் மரக்கூழில் செய்தது, வெளிச்சமும் சூடும் பட்டால் பழுப்பாகும். அதை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். அதற்குப் பீரோவின் இருட்டு போதும். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு பயந்து பாச்சை உருண்டை போடாதீர்கள், குழந்தை படிக்கப்போகிற புத்தகம். மாதம் ஒருமுறை எடுத்துப் பிரித்துத் தூசி தட்டினாலே பூச்சி அண்டாது. அதாவது படித்தாலே போதும்.

மகளுக்கு நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து விட்டுவிடுங்கள், தரையில் பாய் போட்டு அவளே எடுக்கட்டும். மாயாவி பிடிக்கவில்லை என்று சொன்னால் மனம் கோணாதீர்கள். கௌபாய் லக்கி லூக்கின் சிரிப்புக் கதையை எடுத்துக்கொண்டு சிரிக்கலாம், எதுவுமே வேண்டாம் என்றும் போகலாம். அவளை வாரிசாக நினைத்துத் தராதீர்கள். பக்கம் திருப்பும்போது அருகில் உட்கார்ந்து 'பார்த்து, பார்த்து' என்றும் சொல்ல வேண்டாம். மிகவும் நைந்த சில பிரதிகளை மட்டும் தனியே எடுத்து வைத்தால் போதும், ஏன் தனியே என்பதை அவளிடமே சொல்லுங்கள்.

மனைவி கேட்பது நியாயம். ஒரு பீரோவை அவருக்குக் காலி செய்து கொடுங்கள். இரட்டைப் பிரதிகளை வெளியே எடுத்தாலே பாதி இடம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். கணக்கு எழுதுகிறவர், உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதழ் எண், ஆண்டு, விலை, கதையின் பெயர், எங்கே யாரிடம் கிடைத்தது, உள்ளே யார் பெயர் எழுதியிருக்கிறது, என்ன ஸ்டாம்ப். கடைசி மூன்றையும் விட்டுவிடாதீர்கள். பிற்காலத்தில் ஏதாவது நூலகத்துக்குக் கொடுக்க நினைத்தாலும் அந்த நோட்டு இருந்தால்தான் அவர்களுக்குப் பயன்படும்.

நோட்டு முடிந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். இரட்டைப் பிரதிகளுக்கு நேரே ஒரு டிக் போட்டு வையுங்கள். என்னிடமும் சில ராணி காமிக்ஸ் இரண்டிரண்டாக இருக்கின்றன, மாற்றிக்கொள்ளலாம்.