ஜெர்பெரா இலை வெளிறினால் முதலில் பாட்டிலைத் தேடாதீர்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் 10 சென்ட் பாலிஹவுஸில் ஜெர்பெரா வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. பூ வருகிறது. ஆனால் கார்த்திகையிலிருந்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அமில மண் என்று, அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்பு வகைக் கல்தூளான டோலமைட்டை இரண்டு முறை போட்டோம். தோட்டத்துக்கே வந்து விற்பவரிடம் 4,200 ரூபாய்க்கு மூன்று பாட்டில் சத்து மருந்து வாங்கி ஊற்றினோம். மாற்றமில்லை. மண்ணில் இரும்பு இல்லையா?

பதில்: இரும்பு நிறையவே இருக்கிறது. உங்கள் ஊர் மண் சிவப்பாக இருப்பதே அதனால்தான். இருப்பதை வேர் எடுக்க முடியவில்லை என்பதுதான் சங்கதி.

எந்த இலை மஞ்சளாகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. செடியின் நடுவில் முளைக்கும் இளம் இலை வெளிறினால் இரும்பு. வெளிவட்டத்து முற்றிய இலையில் நரம்பிடை மஞ்சள் என்றால் மெக்னீசியம். முற்றிய இலை நரம்போடு சேர்ந்து முழுதும் மஞ்சளானால் தழைச்சத்து. டோலமைட்டிலேயே மெக்னீசியம் இருக்கிறது. இரண்டு முறை போட்டவருக்கு அதில் குறை வருவது அபூர்வம். அதனால் உங்களுடையது நடு இலை மஞ்சள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நம் மலையில் உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் சுண்ணாம்பும் டோலமைட்டும் போட்டுப் பழகிய கை, ஜெர்பெராவுக்கும் அதே அளவைப் போட்டுவிடுகிறது. ஜெர்பெராவுக்குப் பிடித்தது லேசான அமில மண்; பிஎச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 முதல் 6.2 வரை. டோலமைட் கூடிப்போய் அது 7-ஐ நெருங்கினால் மண்ணில் உள்ள இரும்பு கரையாமல் இறுகிக்கொள்ளும். முதல் வேலை பிஎச் அளப்பது. வேர் ஓடும் ஆழத்தில் நாலைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர், அமிலம் அல்ல) ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் கழித்து மீட்டரை விடுங்கள். சொட்டு நீரையும் அளந்து பாருங்கள். மீட்டர் விலை உங்கள் பாட்டில்களின் விலையைவிடக் குறைவு.

மண் பரிசோதனைக்குக் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். நான் ஒருமுறை கொடுத்த மாதிரிக்கு முடிவு வர இரண்டு மாதம் ஆனது. வந்த தாளில் ஏக்கருக்கு இத்தனை கிலோ யூரியா என்று திறந்தவெளிக் காய்கறிக்கான கணக்கு. பாலிஹவுஸ் போட மானியம் தருகிறார்கள். உள்ளே செடி வெளிறும்போது வந்து பார்க்க ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் பாட்டில்காரர் பைக்கை நிறுத்துகிறார்.

அவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, நுண்ணூட்ட உரம் என்று விற்றால் எந்தச் சத்து எத்தனை சதவீதம் என்று லேபிளில் இருக்க வேண்டும். இரும்பு ஈடிடிஏ (இரும்பு மண்ணில் இறுகாமல் பிடித்து வைத்திருக்கும் உரம்) என்றால் 12 சதவீதம் இரும்பு இருக்க வேண்டும். 'டானிக்', 'பூஸ்டர்', 'அமிர்தம்' என்று பெயர் மட்டும் போட்டு அளவு எழுதாத பாட்டிலை வாங்காதீர்கள். பில் கேளுங்கள். பில் தரமாட்டேன் என்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். உங்கள் மூன்று பாட்டில் லேபிளையும் படித்துப் பாருங்கள். இரும்பு என்ற வார்த்தையே இல்லாமல் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. டோலமைட்டை நிறுத்துங்கள். பிஎச் 6.5-க்குள் இருந்தால் இரும்பு ஈடிடிஏ போதும். அதைத் தாண்டினால் ஈடிடிஏவின் பிடி தளர்ந்துவிடும். இரும்பை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் ஈடிடிஎச்ஏ வகைதான் நிற்கும். விலை அதிகம்தான், ஆனால் மலிவானதை மூன்று முறை ஊற்றுவதைவிட நல்லது. முதலில் இரண்டு பாத்திக்கு மட்டும் வேரில் விடுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். மஞ்சளான இலை முழுதாகப் பச்சைக்குத் திரும்பாது. இரண்டு வாரம் கழித்து நடுவில் விரியும் புது இலையைப் பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது உங்களுக்குப் பொருந்தலாம் என்பதால் நிறுத்திச் சொல்கிறேன். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் பாத்தி ஊறிக் கிடக்கும். மார்கழி, தையில் இரவுக் குளிர் வேர்ப்பகுதி வரை இறங்கும். குளிர்ந்து ஈரமான மண்ணில் வேர் மந்தமாகி, பிஎச் சரியாக இருந்தாலும் இரும்பை எடுக்காது. இலை அதே மாதிரிதான் வெளிறும். அளந்ததில் 6 அல்லது அதற்குக் கீழ் வந்தால் பணத்தைச் செலவு செய்யாதீர்கள். சொட்டு நீரைக் காலையில் வெயில் ஏறியபின் கொஞ்சமாக விடுங்கள், பகலில் பக்கத்திரையைத் தூக்கி ஈரக் காற்றை வெளியேற்றுங்கள், மாசி வெயில் வரட்டும். புது இலை பச்சையாக வந்தால் குற்றம் குளிருடையது. மாசி முடிந்தும் வெளிறினால் மேலே சொன்ன இரும்பு வைத்தியத்துக்கு வாருங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். வெளிறியதில் ஒரு செடியைப் பிடுங்குங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் மேலே சொன்னது பொருந்தும். பழுப்பாகி, கையில் உரிந்து வந்தால் அது அழுகல். எந்தச் சத்தும் உதவாது. செடியின் குருத்து மண்ணுக்குள் புதைந்திருந்தால் முதலில் அந்த மண்ணை விலக்கி, குருத்து வெளியே தெரியும்படி வையுங்கள்.