சின்ன விமானத்துக்கு ஏசி போடலாமா? பாளையங்கோட்டை அண்ணாச்சியோட கேள்விக்கு பதில்

பாளையங்கோட்டையில இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காவ. சொந்தமா ஒரு செஸ்னா 172 எஸ் வச்சிருக்காவ, நாலு சீட்டு, திருவனந்தபுரத்துல நிப்பாட்டி வச்சு அங்கருந்து வாகைகுளத்துக்கு (தூத்துக்குடி ஏர்போர்ட்டு) வந்து போறதுதான் வழக்கம். சித்திரை வைகாசியில வாகைகுளத்துல ஒரு மணி நேரம் வெயில்ல நின்னுச்சுன்னா உள்ள உக்கார முடியல, இனிமே வயசான அம்மாவையும் கூட்டிட்டுப் போகணும், அவங்களுக்கு பிரஷர் வேற இருக்கு. ஊர்ல ஒரு கார் ஏசி மெக்கானிக், "லாரிக்கு மாட்டுத 24 வோல்ட் பார்க்கிங் ஏசி இருக்கு, உங்க விமானமும் அதே வோல்ட்டுதான, பின்னாடி வச்சு மாட்டித் தாரேன்"ன்னு சொல்லியிருக்காரு. மச்சான் என்னன்னா, ஏசியோட வந்த பழைய பைப்பர் ஒண்ணு விலைக்கு வருது, கூலிங் மட்டும் இல்ல, கேஸ் அடிச்சா சரியாப் போயிரும், அத வாங்குவோம்ங்காரு. எதச் செய்யன்னு கேக்காவ.

லாரி ஏசி வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. அந்த மெக்கானிக் மேல குறை சொல்லல, கார்ல அவரு கெட்டிக்காரராத்தான் இருப்பாரு, ஆனா இது வேற கணக்கு. உங்க 172 எஸ்ல கரண்ட் தயாரிக்குத ஆல்டர்னேட்டர், 24 வோல்ட் பேட்டரிய சார்ஜ் பண்ணணும்ங்கதால, 28 வோல்ட், 60 ஆம்ப். மொத்தமே 1,700 வாட் கூட கிடையாது, அதுல ரேடியோ, ஜிபிஎஸ், லைட்டு, பிட்டோ ஹீட்டு (வேகம் அளக்குத குழாய்க்குச் சூடு), பேட்டரி சார்ஜ் எல்லாம் போகணும். லாரி பார்க்கிங் ஏசி ஓட ஆரம்பிச்சா 30, 40 ஆம்ப் இழுக்கும், அதுலயும் நமக்கு ஏசி எப்ப வேணும், தரையில இன்ஜின் மெதுவா ஓடும்போதுதான வேணும், அப்ப ஆல்டர்னேட்டரே முழுசா குடுக்காது. சரி இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பேட்டரியில ஓட்டலாம்னா லாரி பேட்டரி மாதிரி 150 ஆம்பியர் அவர் நம்மகிட்ட இல்ல, இந்த விமானத்து பேட்டரி பத்துப் பதினஞ்சு ஆம்பியர் அவர் சைஸுதான், இருபது நிமிஷத்துல காலி, பெறகு ஸ்டார்ட்டே ஆகாது. கரண்ட விடுங்க, அந்தப் பெட்டிய எதுல போல்ட் போடுவாரு? ஒரு ஹார்ட் லேண்டிங்லயோ அதவிட மோசமானதுலயோ பின்னாடி இருக்க 25 கிலோ பெட்டி பிச்சுக்கிட்டு முன்னாடி வரும், அங்க உக்காந்திருக்கது உங்க அம்மா. விமானத்துல எந்தச் சாமானும் எத்தன ஜி (அதோட எடையப் போல எத்தன மடங்கு இழுப்பு) வரைக்கும் தாங்கும்னு கணக்குப் போட்டு, சோதிச்சு, பேப்பர்ல கையெழுத்து வாங்கித்தான் மாட்டணும். டிஜிசிஏ (விமானத்துறைய கண்காணிக்குத அரசு ஆபீஸ்) ஏத்துக்கிட்ட டேட்டா இல்லாம ஒரு மாடிஃபிகேஷன் பண்ணிட்டா சர்டிஃபிகேட் ஆஃப் ஏர்வொர்த்தினஸ் (பறக்கத் தகுதிச் சான்று) செல்லாமப் போகும், இன்சூரன்ஸ்காரனும் கைய விரிச்சிருவான். எந்த ஏஎம்இயும் (லைசென்ஸ் உள்ள விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) அதுக்குக் கையெழுத்துப் போட மாட்டான், போட்டான்னா அவன்கிட்ட விமானத்த விடாதீங்க.

முறைப்படி போடுறதுக்கும் வழி இருக்கு. எஸ்டிசி, அதாவது சப்ளிமென்டல் டைப் சர்டிஃபிகேட் (விமானத்துல செய்யுத மாத்தத்துக்கு ஒப்புதல்) வாங்கின எலக்ட்ரிக் ஏசி கிட் அமெரிக்காவுல செஞ்சு விக்காவ, உங்க மாடலும் சீரியல் நம்பரும் அந்த எஸ்டிசி லிஸ்ட்ல இருக்கான்னு மொதல்ல பாக்கணும், டிஜிசிஏ அத ஏத்துக்கிடணும், பல கேஸ்ல ஆல்டர்னேட்டரையும் பெருசா மாத்தணும், மாட்டி முடிச்ச பெறகு விமானத்த மறுபடி எடை போட்டு வெயிட் ஷெட்யூல மாத்தணும், பிளைட் மேனுவலுக்கு சப்ளிமென்ட் சேக்கணும். இறக்குமதி, வேலைக்கூலி எல்லாம் சேந்தா ஒரு நல்ல கார் வெலைக்குப் போயிரும். அதுக்கும் மேல எடை இருக்கு பாருங்க. 172 எஸ்ஸோட அதிகபட்ச டேக்ஆஃப் எடை 1,157 கிலோ. வெறும் விமானமே சுமார் 770 கிலோ, டேங்க் நிறைய ஊத்தினா பெட்ரோல் 144 கிலோ, மிச்சம் 243 கிலோதான் ஆளுக்கும் பெட்டிக்கும். ஏசி 30 கிலோன்னு வைங்க, 213 ஆயிரும். நம்ம ஊரு உடம்புக்கு மூணு பேரு ஏறினாலே சரியாப் போச்சு, நாலாவது ஆளு வேணும்னா பெட்ரோல கொறைக்கணும். வருஷத்துல மூணு மாசத்துச் சூட்டுக்காக பன்னெண்டு மாசமும் அந்த 30 கிலோவச் சுமந்துக்கிட்டே பறக்கணும்.

இதுல ஒண்ண நல்லாப் புரிஞ்சுக்கிடுங்க. சின்ன விமானத்துல சூடுங்கது பெரும்பாலும் தரையிலதான். மேல போகப்போக ஆயிரம் அடிக்கு சுமார் 2 டிகிரி கொறையும். வாகைகுளத்துல 38 இருந்தா 6,000 அடியில 26 தான். நீங்க திருவனந்தபுரம் போறதுக்கு எப்டியும் மலையத் தாண்டணும், அந்த உயரத்துக்கு ஏறியாகணும், அங்க வெளிக்காத்தே ஏசிதான், உள்ள, முன்கண்ணாடி மேல்மூலையில இருக்க வெண்ட்ட (வெளிக்காத்து வர்ற வாய) இழுத்துவிட்டா போதும். ஆக நமக்குத் தொந்தரவு கதவச் சாத்துறதுல இருந்து மூவாயிரம் அடி ஏறுற வரைக்கும்தான், அந்தக் கொஞ்ச நேரத்த எப்படிச் சமாளிக்கதுன்னு பாத்தா போதும், விமானத்துலயே ஏசி வேணும்னு இல்ல.

அதுக்கு நான் சொல்லுதது, இன்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே உள்ள குளிர வச்சிருங்க. ஒரு டன் போர்ட்டபிள் ஏசிய வெளிய வச்சு, குளிர்காத்து வர்ற வாயில ஃப்ளெக்ஸிபிள் டக்ட்ட மாட்டி கதவு வழியா உள்ள விட்டு, மிச்ச இடுக்க தெர்மாகோல் அட்டையால அடச்சு, 20 நிமிஷம் ஓடவிடுங்க. சீட்டு, பேனல், மேல்கூரை எல்லாம் வாங்கி வச்சிருக்க சூடு எறங்குறதுதான் முக்கியம், காத்து மட்டும் குளிந்தா ரெண்டு நிமிஷத்துல மறுபடி அனலாயிரும். இந்த ஏசி விமானத்தோட பாகமே இல்லங்கறதால எந்த மாடிஃபிகேஷன் பேப்பரும் வேண்டாம், ஏர்போர்ட்ல ஏப்ரனுக்குள்ள (விமானம் நிக்கிற தளம்) கொண்டுபோகதுக்கு மட்டும் அனுமதி வாங்கணும். ஜெனரேட்டர்ல ஓட்டுனீங்கன்னா அத காத்து போற தெசையில, பெட்ரோல் டேங்க், வெண்ட் எல்லாத்துலயும் இருந்து தள்ளி வைங்க, புகை கேபினுக்குள்ள போச்சுன்னா கார்பன் மோனாக்சைடு, அதுக்கு வாசனையே கெடையாது. பேனல்ல ஒரு சிஓ டிடெக்டர் எப்பவுமே இருக்கட்டும், ஏசி இருந்தாலும் இல்லாட்டாலும்.

விமானம் நிக்கும்போது ஜன்னல் அளவுக்கு வெட்டின வெள்ளி ரிஃப்ளெக்டர உள்பக்கமா மாட்டுங்க, இதுக்கு ஆகுத காசுக்கு இவ்வளவு பலன் வேற எதுலயும் கெடையாது. ஆனா காருக்கு ஒட்டுத சன் ஃபிலிம ஒட்டிராதீங்க. விமானத்து ஜன்னல் கண்ணாடி இல்ல, அக்ரிலிக், ஃபிலிமோட பசையும் அடியில கெட்டிக்கிற சூடும் சேந்து மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விட்டுரும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் அதே கெடுதலச் செய்யும். வெளிப்பக்கம் கவர் போடுறவுக நம்ம ஊரு செம்மண் தூசி படிஞ்ச மேல அப்படியே கவர இழுக்காதீங்க, கீறல் விழுந்துரும், மொதல்ல தண்ணி ஊத்தி கழுவிருங்க. 172 எஸ்ல ஜன்னல 163 நாட் வேகம் வரைக்கும் திறந்து வச்சே பறக்கலாம்னு மேனுவல்லயே இருக்கு, டாக்ஸி பண்ணும்போது திறந்து வச்சாலே ப்ரொப்பல்லர் காத்து உள்ள வரும்.

இன்ஜின் ஓடும்போதும் கொஞ்சம் குளிர் வேணும்னா ஐஸ் பெட்டி நல்ல வழி. மூடி போட்ட பெட்டி, உள்ள ஐஸும் தண்ணியும், ஒரு குட்டி பம்ப் அந்தத் தண்ணிய ஒரு ரேடியேட்டர் வழியா சுத்தவிடும், ஃபேன் அது வழியா காத்த ஊதும், அவ்வளவுதான். ஒரு கிலோ ஐஸ் உருகுறதுக்கு 334 கிலோஜூல் சூட வாங்கிக்கிடும், அப்ப 15 கிலோ ஐஸ் ஒரு மணி நேரத்துல உருகுச்சுன்னா சராசரி 1.4 கிலோவாட், கிட்டத்தட்ட 0.4 டன் ஏசி. கேபின் முன்னாடியே குளிந்திருந்தா ஏறுத வரைக்கும் இது தாராளம். ஐஸுக்கு நமக்கு என்ன பஞ்சம், தூத்துக்குடியில ஐஸ் கம்பெனி இருக்கு, பார் ஐஸா வாங்கி முஷ்டி அளவு துண்டா உடச்சுப் போடுங்க, ரொம்பப் பொடியாக்கினா வழியிலயே உருகிரும். மீனுக்கு வச்சிருந்த ஐஸ வாங்காதீங்க, உப்புத்தண்ணி அலுமினியத்துக்கு எமன். ஃபேனும் பம்பும் சில ஆம்ப்தான் எடுக்கும், ஆனா 12 வோல்ட் பெட்டியா 24 வோல்ட் பெட்டியான்னு பாத்து, விமானத்துல எந்த சாக்கெட்ல என்ன வோல்ட் வருதுன்னு மேனுவல்ல பாத்துட்டு மாட்டுங்க. பெட்டியும் ஐஸும் சேந்து 25 கிலோ வரும், அத பேக்கேஜ் இடத்துல வலை போட்டு இறுக்கிக் கெட்டி வெயிட் அண்ட் பேலன்ஸ் கணக்குல எழுதியே ஆகணும்.

யாராவது டிரை ஐஸ் போடுங்க, இன்னும் குளிரும்னு சொன்னா கேக்காதீங்க. அது உருகாது, அப்படியே கார்பன் டைஆக்சைடா மாறி சின்ன கேபின நிரப்பிரும், பைலட்டுக்கு தல சுத்தும், மூச்சு முட்டும், ஆளே மயங்கிருவாரு. தண்ணி தெளிக்கிற ஏர் கூலரும் வேண்டாம், வாகைகுளம் கடல் பக்கம், காத்துல ஈரம் ஏற்கனவே இருக்கு, புழுக்கம்தான் கூடும், ஜன்னல்ல பனி மூடிரும்.

அம்மாவக் கூட்டிட்டுப் போற அன்னிக்கு, ஏர்போர்ட்டோட வாட்ச் அவர (ஏர்போர்ட் திறந்திருக்க நேரம்) பாத்துக்கிட்டு எவ்வளவு காலையில முடியுமோ அவ்வளவு காலையில கெளம்புங்க. உச்சி வெயில்ல 40 டிகிரி இருந்தா கடல் மட்டத்துல நிக்கிற விமானத்துக்கும் டென்சிட்டி ஆல்டிட்யூட் (காத்து லேசானதால விமானத்துக்குத் தெரியுத உயரம்) சுமார் 3,000 அடி, இன்ஜின் மலை மேல நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஏறும். சாயந்தரம் ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து எழும்பினா மலையோரம் குலுக்கலும் சேந்துரும், பிரஷர் உள்ள அம்மாவுக்கு அந்தக் குலுக்கல் சூட்ட விட மோசம். அவங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க.

இப்ப அந்த பைப்பர். பழைய பைப்பர்ல கம்பெனியே மாட்டுன ஏசி நல்ல டிசைன்தான். கம்ப்ரஸர் இன்ஜினோட வலது அடியில பெல்ட்ல ஓடும், எவாப்பரேட்டர் (கேபின் காத்தக் குளிர வைக்குத பாகம்) பின்னாடி, கண்டென்சர் (சூட்ட வெளிய விடுத பாகம்) மட்டும் வயித்துக்கு அடியில ஒரு கதவு மாதிரி தொங்கும், ஏசி போட்டா எறங்கும், ஆஃப் பண்ணா ஏறி மூடிக்கிடும். டேக்ஆஃப்ல ஏசி ஆஃப்ல இருக்கணும்னு பேனல்லயே எழுதி ஒட்டியிருக்கும், ஏன்னா கம்ப்ரஸர் இன்ஜின்ல இருந்து குதிரைத் திறன உறிஞ்சும், தொங்குத கதவு காத்தத் தடுக்கும். த்ராட்டில முழுசாத் தள்ளினா கம்ப்ரஸர விட்டுட்டு கதவ மேல இழுக்க ஒரு சுவிட்ச்சும் இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி மொதல்ல பாக்க வேண்டியது கூலிங் இல்ல, இந்தக் கதவும் அந்த சுவிட்ச்சும், "கதவு திறந்திருக்கு"ன்னு காட்டுத மஞ்சள் லைட்டும் ஒழுங்கா வேலை செய்யுதான்னுதான். கதவு கீழ மாட்டிக்கிட்டு நிக்கிற விமானத்த 40 டிகிரியில ஏத்திப் பாக்காதீங்க.

"கேஸ் அடிச்சா சரியாப் போயிரும்"ங்கது பெரும்பாலும் தப்பு. கேஸ் தானா தீந்து போகாது, எங்கயோ கசியுது. ரொம்ப நாள் ஏசியே போடாம கெடந்தா கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் காஞ்சு வெடிச்சிரும், அதான் மழைக்காலத்துலயும் மாசம் ஒரு தடவ அஞ்சு பத்து நிமிஷம் ஓட்டணும்ங்கது. இன்ஜின்ல இருந்து பின்னாடி வரைக்கும் போற ஹோஸ் நீளமானது, வயசாயிருக்கும், ஒவ்வொரு மூட்டும் கசியலாம். நைட்ரஜன் அடிச்சு பிரஷர் நிக்குதான்னு பாக்கணும், சோப்புத் தண்ணி, டிடெக்டர் வச்சு எடத்தப் பிடிக்கணும், சரி பண்ணினப்புறம் ரிசீவர் டிரையர (கேஸ்ல உள்ள ஈரத்த உறிஞ்சுத டப்பா) புதுசா போட்டே ஆகணும், சிஸ்டத்தத் திறந்தாலே டிரையர் ஈரத்தக் குடிச்சிரும். பெறகு நல்லா வேக்யூம் இழுத்து, அது நிக்குதான்னு காத்திருந்து பாத்து, மேனுவல் சொன்ன எடைக்கு தராசு வச்சு கேஸ் ஏத்தணும். அவசரப்பட்டு வேக்யூம விட்டா உள்ள மிஞ்சின ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வுல ஐஸா அடச்சிரும், கொஞ்ச நேரம் குளிரும் பெறகு நின்னுரும், மறுபடி குளிரும்.

அது எந்த கேஸ்னு கேளுங்க. பழசுன்னா ஆர் 12, மாண்ட்ரீல் ஒப்பந்தத்தால அத நிப்பாட்டியாச்சு. ஆர் 134 ஏ க்கு மாத்தணும்னா எண்ணெய், டிரையர், ஓ ரிங் எல்லாம் மாறணும், அதுக்கும் ஏத்துக்கிட்ட டேட்டா வேணும். மலிவா கெடைக்குதேன்னு எல்பிஜி கலந்த கேஸ யாரும் அடிச்சிரக் கூடாது, அது தீப்பிடிக்கும், எவாப்பரேட்டர் கசிஞ்சா நேரா கேபினுக்குள்ள வரும். சிலிண்டர்ல 134 ஏ ன்னு எழுதியிருந்தாலும் ஐடென்டிஃபையர் மெஷின்ல சோதிச்சுட்டு ஏத்தச் சொல்லுங்க. பெல்ட்டையும் பாருங்க, ப்ரொப்பல்லருக்குப் பின்னாடி ஓடுத பெல்ட்டுன்னா அத மாத்த ப்ரொப்பல்லரையே கழட்டி, திரும்ப சரியான டார்க்ல (மேனுவல் சொன்ன இறுக்கம்) இறுக்கணும், ரோட்டோரம் முடிக்கிற வேலை இல்ல.

ஆக மச்சான்கிட்ட சொல்லுங்க, லாக்புக்ல ஏசிய கடைசியா எப்ப திறந்தாங்க, எந்த கேஸ் ஏத்துனாங்க, டிரையர் எப்ப மாத்துனாங்கன்னு மூணையும் காட்டச் சொல்லி, நம்ம பக்கத்து ஏஎம்இ ஒருத்தர வச்சு நைட்ரஜன் டெஸ்ட் பண்ணிட்டு வெல பேசலாம். டெஸ்ட்ல தேறலன்னாலும் மத்தபடி விமானம் நல்லா இருந்தா, அந்த ஏசிய முறைப்படி கழட்டி எடையக் கொறச்சு எழுதி வாங்கிட்டு, அதுக்கும் இதே டக்ட்டு ஐஸ் பெட்டி ஏற்பாட்ட வச்சுக்கிடலாம்.