மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம்: கால்சியம் தடுப்பு மாத்திரை இதயத்தைப் பலவீனமாக்குமா?

இதயத் தசை சுருங்கவே கால்சியம் வேண்டும், அதைத் தடுக்கும் மாத்திரையை நெஞ்சுவலிக்கு ஏன் தருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான்.

இதயத் தமனி குறுகியிருந்தாலும் சும்மா உட்கார்ந்திருக்கையில் வரும் ரத்தம் போதும். மாடி ஏறும்போது துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடி, தேவை வரவை மிஞ்சிவிடுகிறது. பட்டினி கிடக்கும் தசை சரியாகச் சுருங்காது, சரியாகத் தளரவும் செய்யாது. வலி அதற்குப் பிறகுதான் வரும்.

இந்த மருந்துகள் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாசலை ஓரளவு அடைக்கின்றன. ரத்தக்குழாய்கள் தளர்ந்து அழுத்தம் குறைய, இதயம் தள்ள வேண்டிய சுமையும் குறைகிறது. இதயத் தமனியும் சற்று விரிகிறது. சுருங்கும் விசையை மருந்து கொஞ்சம் குறைத்தாலும், பட்டினி தவிர்க்கப்படுவதால் உடற்பயிற்சியின்போது பம்ப் செய்யும் திறன் பலருக்கு மேம்படவே செய்கிறது. முரண்பாடு போலத் தெரியும், ஆனால் கணக்கு இதுதான்.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. அம்லோடிபின் பெரும்பாலும் ரத்தக்குழாயில் வேலை செய்யும், கணுக்கால் வீங்கலாம். வெராபமில், டில்டியாசெம் துடிப்பையும் குறைக்கும். பம்ப் திறன் ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு இவ்விரண்டும் ஆகாது. துடிப்பைக் குறைக்கும் இன்னொரு வகை மருந்தான பீட்டா பிளாக்கரோடு வெராபமில் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வேகமாக வேலை செய்யும் பழைய நிஃபெடிபினோ துடிப்பை ஏற்றி வலியைக் கூட்டவும் கூடும்.

பாலைக் குறைக்க வேண்டாம். சாப்பாட்டுக் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். ஓய்விலும் வலி வந்தால் உடனே 108.