பள்ளிக்கூடம் போகாதவர்களும் மறதி நோயும்: வாசகர் கேள்விகள்

டிமென்ஷியா எனப்படும் மறதி நோயின் காரணங்களைச் சென்ற மாதம் எழுதியபோது, இளமையில் பள்ளிக் கல்வி கிடைக்காமல் போவதையும் அவற்றில் ஒன்றாகக் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சிறுமியாகத் தார் சுற்ற உட்கார்ந்தவர், பிறகு கைத்தறி, அதன்பின் விசைத்தறி என்று காலமெல்லாம் உழைத்தவர். சில மாதங்களாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறார். படிக்காதவர்களுக்கு இந்த நோய் வரும் என்றால், இனி நாங்கள் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா? (வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, சகோதரி. முதலில் அந்த ஆய்வுகள் எதைச் சொல்கின்றன என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சுட்டிக்காட்டி, அவை அனைத்தையும் நீக்கிவிட முடிந்தால் உலகில் 100 நோயாளிகளில் ஏறத்தாழ 45 பேருக்கு நோய் வராமலோ தள்ளிப்போகவோ வாய்ப்பு உண்டு என்று கணக்கிட்டது. அந்த 45-ல் கல்விக் குறைவின் பங்கு 5. இது பெரிய மக்கள் தொகையை ஒட்டுமொத்தமாகப் பார்த்துச் சொல்லும் கணக்கு. பள்ளிக்குப் போகாத பெரும்பாலானோர் கடைசிவரை தெளிந்த நினைவோடு வாழ்கிறார்கள் என்பதும் அதே ஆய்வுகள் காட்டும் உண்மைதான்.

கல்வி எப்படிக் காக்கிறது என்று கேட்டால், ஆய்வாளர்கள் இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். வளரும் வயதில் எழுத்தும் எண்ணும் பழகும் மூளையில் நரம்பணுக்களுக்கு இடையிலான தொடர்புகள் அடர்த்தியாகின்றன. முதுமையில் சில வழிகள் அடைபட்டாலும் மாற்று வழிகள் கைகொடுக்கின்றன. இதை மூளையின் கையிருப்பு என்கிறோம். இரண்டாவது வழி பள்ளிக்கு வெளியே இருக்கிறது. 1951 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 100-க்கு 9 பேர்கூட இல்லை. அந்தக் காலத்தில் பள்ளிக்குப் போக முடியாத பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் வயிறார உணவும் கிடைக்கவில்லை. வளர்ந்தபின் நல்ல கூலி கிடைக்கவில்லை. இரத்த அழுத்தத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. கல்விக் குறைவு என்ற ஒரே தலைப்பின் கீழ் இத்தனை இழப்புகளும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடமும் நோய் அதிகமாகத் தெரிந்தது. இந்த மூன்றும் தனித்தனியானவை என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் அம்மாவின் தறி அனுபவத்தையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒருவர் பார்க்கும் வேலை எவ்வளவு கவனத்தைக் கோரியது என்பதும் இந்தக் கையிருப்பில் சேர்கிறது என்பதை 1990-களிலிருந்து ஆய்வுகள் காட்டி வருகின்றன. பாவு பிணைக்க உட்காரும் பெண் நூற்றுக்கணக்கான இழைகளை வரிசை தப்பாமல் ஒவ்வொன்றாக எடுத்து முறுக்குகிறார். ஓர் இழை மாறினால் துணி முழுவதும் கோடு விழும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே கை வேலை செய்கிறது. பேரேட்டில் ஒரு வரியும் எழுதாமல் எத்தனை முழத்துக்கு எத்தனை நூல் என்று மனக்கணக்காகவே சொன்ன தலைமுறை அது.

ஆனால் அதே தறிக்கூடம் ஒரு கெடுதலும் செய்திருக்கக்கூடும். விசைத்தறியின் ஓயாத சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மந்தமாவது சேலத்துக்குப் புதிதல்ல. நான் மேலே சொன்ன பட்டியலில் கேட்கும் திறன் இழப்பின் பங்கு 7. கல்விக் குறைவின் பங்கைவிட அதிகம். அமெரிக்காவில் நடந்து 2023-ல் முடிவு வெளியான ஒரு சோதனையில், காது கேட்கும் கருவி பொருத்துவதால் எல்லா முதியவர்களுக்கும் பலன் தெரியவில்லை. ஆனால் மறதி நோய்க்கான ஆபத்து ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் பார்த்தபோது, மூன்றாண்டுகளில் நினைவாற்றல் சரிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எனவே அம்மாவின் காதை முதலில் சோதித்துப் பாருங்கள். சரியாகக் காதில் விழாத ஒன்றை நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது.

அத்துடன் வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை, இரத்த அழுத்த அளவு ஆகியவையும் தேவை. அண்மையில் கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், அடி சிறியதாக இருந்தாலும், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தூக்க மாத்திரை, மனச்சோர்வு ஆகியவற்றாலும் இப்படிப்பட்ட மறதி வரும். இவற்றில் பலவற்றைக் குணப்படுத்த முடியும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: மறதிக்காக என் மாமியாரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத அவர் அழுதுவிட்டார். 30-க்கு 15 என்று எழுதிக் கொடுத்து, மறதி நோய் என்றார்கள். இதை நம்பலாமா? (வாசகி, கொண்டலாம்பட்டி)

பதில்: அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். நீங்கள் விவரிக்கும் தேர்வு 1975-ல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது, உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் வாசிப்பது, எழுதுவது, கழித்தல் கணக்கு, ஐங்கோண வடிவங்களைப் பார்த்து வரைவது எல்லாம் பேனா பிடித்துப் பழகிய கைக்கானவை. பள்ளிக்குப் போகாத ஒருவர் நல்ல நினைவாற்றலோடு இருந்தாலும் இதில் மதிப்பெண் இழப்பார். படிக்காதவர்களிடம் நோய் அதிகம் என்று சொல்லும் எந்தப் புள்ளிவிவரத்தையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் இதற்கு 1990-களிலேயே தீர்வு காணப்பட்டது. அரியானா மாநிலம் பல்லப்கர் கிராமப்புறத்தில் ஆய்வு செய்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே இந்தத் தேர்வை இந்தியில் மாற்றி அமைத்தார்கள். கழித்தல் கணக்குக்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். நம் ஊரிலும் இந்த வழி பொருந்தும். இன்று என்ன தேதி என்று உங்கள் மாமியாரைக் கேட்பதில் பொருளில்லை; கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை முடிந்துவிட்டதா, இனிமேல்தானா என்று கேட்டால் காலத்தைப் பற்றிய தெளிவு அவருக்கு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இன்னும் முக்கியமான சான்று வீட்டில் இருப்பவர்களிடம் இருக்கிறது. சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கிறாரா, பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா, சேலை கட்டுவதில் முன்பில்லாத தவறு வருகிறதா, கொடுக்கல் வாங்கலில் ஏமாறுகிறாரா என்பவற்றை, ஓராண்டுக்கு முன் இருந்த அவரோடு ஒப்பிட்டு எழுதிக்கொண்டு போங்கள். முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்பதே நோயின் அடையாளம். எப்போதும் செய்யத் தெரியாத ஒன்றை இன்றும் செய்ய முடியாமல் இருப்பது அடையாளம் ஆகாது. இந்த விவரங்களோடு நரம்பியல் மருத்துவர் அல்லது மனநல மருத்துவர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். ஒரு முதியவரைக் கண்கலங்க வைத்து எடுத்த மதிப்பெண்ணுக்கு நான் அதிக மதிப்புத் தர மாட்டேன்.

கேள்வி: நான் முதுகலைப் பட்டம் பெற்று, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்குக் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐயா. அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகளை முதுமையில் தொடர்ந்து கவனித்து, மறைவுக்குப் பின் மூளையையும் பரிசோதித்த புகழ்பெற்ற ஆய்வொன்று 1986-ல் தொடங்கியது. அதில் பங்கேற்ற சகோதரி மேரி உங்களைப் போல ஆசிரியர். 84 வயதுவரை பணியாற்றி, 101 வயதில் மறையும்வரை நினைவுத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றவர். அவருடைய மூளையில், மறதி நோய்க்கு மிகப் பொதுவான காரணமான அல்சைமர் நோயின் புரதப் படிவுகளும் முடிச்சுகளும் ஏராளமாக இருந்தன. கல்வியும் சிந்தனைப் பழக்கமும் நோய் மூளைக்குள் வருவதைத் தடுப்பதில்லை, அதன் விளைவு வெளியே தெரிவதைத் தாமதப்படுத்துகின்றன என்று நாம் கருதுவதற்கு இத்தகைய சான்றுகளே அடிப்படை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. படித்தவரிடம் அறிகுறி வெளியே தெரியும்போது உள்ளே பாதிப்பு முற்றியிருக்கும் என்பதால், அதன் பிறகு சரிவு வேகமாக நிகழ்வதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. சரளமாகப் பேசத் தெரிந்தவர்கள் மறந்துபோன பெயரைப் பேச்சுச் சாமர்த்தியத்தால் மறைத்துக்கொள்ளவும் முடிகிறது. வங்கிக் கணக்கில் குழப்பம், ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் கட்டுவது போன்றவற்றை உங்கள் குடும்பத்தினர் கவனித்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் பட்டத்தைப் பார்ப்பதில்லை.

கேள்வி: நாங்கள் வீட்டில் கன்னடமும் தெருவில் தமிழும் பேசுபவர்கள். இரண்டு மொழி பேசினால் மறதி வராது என்பது உண்மையா? (வாசகர், குகை)

பதில்: வராது என்று சொல்ல முடியாது, தாமதமாகலாம் என்பதற்கு ஒரு நல்ல இந்தியச் சான்று இருக்கிறது. ஐதராபாத்தில் 648 மறதி நோயாளிகளிடம் நடத்தி 2013-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டுகள் பிந்தித் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது என்பதுதான் நம் தலைப்புக்கு முக்கியமானது. வேறு நாடுகளின் எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. எப்படியிருந்தாலும் பேரக்குழந்தைகளோடு கன்னடத்தில் பேசுவதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இப்போது எழுதப் படிக்கக் கற்றுக்கொடு என்கிறார். பஸ்ஸின் பெயர்ப் பலகையைத் தானே படிக்க வேண்டுமாம். இந்த வயதில் கற்றால் மூளைக்குப் பலன் உண்டா? (வாசகர், நாகலூர், ஏற்காடு)

பதில்: உடனே தொடங்குங்கள். நியூயார்க்கில் நான்காண்டுகளோ அதற்கும் குறைவாகவோ பள்ளிக்குச் சென்ற முதியவர்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் பள்ளிப் படிப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஆய்வின் தொடக்கத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களில் 35 சதவீதம் பேருக்கும், தெரிந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும் மறதி நோய் இருந்தது. பள்ளியில் கழித்த ஆண்டுகளைத் தாண்டி, எழுத்தறிவுக்கென்று ஒரு பங்கு இருப்பதை இது உணர்த்துகிறது. 2017-ல் வெளியான மற்றோர் ஆய்வில், லக்னோ அருகே கிராமங்களில் முப்பது வயதை ஒட்டியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்துகள் கற்றுக்கொடுத்தபோது, மூளையின் ஆழப் பகுதிகள்வரை மாற்றம் தெரிந்தது. அவர்கள் உங்கள் அப்பாவைவிட இளையவர்கள், அந்த ஆய்வு மறதி நோயைப் பற்றியதும் அல்ல. ஆகவே 68 வயதில் கற்பதால் நோய் வராது என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் அவரே ஆசைப்பட்டுக் கேட்கிறார். அந்த ஆசை ஒன்றே போதிய காரணம்.

அரிச்சுவடியில் தொடங்க வேண்டியதில்லை. அவர் பெயர், உங்கள் பெயர், நாகலூர், ஏற்காடு, சேலம் என்று அவருக்குத் தேவைப்படும் சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். தினமும் சிறிது நேரம் போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் உங்கள் ஊருக்கு வரும்போது இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து தேவைப்பட்டால் வீட்டுக்கே கிடைக்கும். பாடம் தொடங்கும் முன் கண்ணையும் சோதியுங்கள். கண்புரை இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாக அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கண்ணாடி கைக்கு வந்தபின் நோட்டை வாங்குங்கள்.