ஸ்டுடியோ சாவி யாரிடம்? – இந்த மாதக் கேள்வி-பதில்

கலைக் கல்லூரிகளில் டிஸ்பிளே, அதாவது மாணவர்களின் படைப்புக் கண்காட்சி, நெருங்க நெருங்க எனக்கு வரும் கடிதங்களும் கூடிவிடும். இந்தத் தடவை பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: மாலையானால் ஸ்டுடியோவைப் பூட்டிவிடுகிறார்கள். மீதி, திறந்துவிட்டால் ஏதாவது ஆகி நம் தலையில் விடியுமோ என்று பயப்படும் ஆசிரியர்களிடமிருந்து. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றைத்தான் எடுத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் ஜிங்க் பிளேட் எச்சிங் (துத்தநாகத் தகட்டை ஆசிட்டில் அரித்து அச்சுக்குத் தயாரிப்பது) தனியாகப் போட்டுக்கொள்ளலாமா சார்? இரண்டு வருஷ அனுபவம் இருக்கிறது.

கூடாது. நைட்ரிக் ஆசிட்டில் ஜிங்க் விழுந்தால் கிளம்பும் பழுப்புப் புகைக்கு உங்கள் அனுபவம் தெரியாது. அந்த நேரத்தில் லேசாக இருமிவிட்டு ரூமுக்குப் போய்ப் படுப்பீர்கள், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். கூட ஒருவர் இருக்க வேண்டும், எக்ஸாஸ்ட் ஓட வேண்டும், தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இந்தக் கடைசி வரியை வருஷத்துக்கு நாலு தடவையாவது எழுதுகிறேன், அப்படியும் யாராவது மாற்றி ஊற்றிவிட்டுக் கடிதம் போடுகிறார்கள்.

கேள்வி: ஸ்டுடியோ பூட்டியிருப்பதால் ஃபைபர் காஸ்டிங்கை ஹாஸ்டல் ரூமில் செய்கிறேன். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் முதலிலேயே ஒரு பாட்டிலில் கலந்து வைத்துக்கொண்டால் நேரம் மிச்சமாகுமா?

கலந்துவிட்டீர்களா, இனிமேல்தானா? அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டாமா? கலந்திருந்தால் கடிதம் எழுத உட்கார்ந்திருக்க மாட்டீர்கள் என்று நம்பிப் பதில் சொல்கிறேன். இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டும் இறுக வைக்கும் ஹார்ட்னரும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் (ஃபைபருக்கு ஊற்றும் பிசினில்) நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்ட்னர், அதுவும் சுமாராக நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. ஹாஸ்டல் ரூமில் அதுவும் வேண்டாம். அந்த வாடையிலேயே பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறார்.

கேள்வி: என் மகள் பி.எஃப்.ஏ. (நுண்கலைப் பட்டப்படிப்பு) முதலாண்டில் சேர்ந்திருக்கிறாள். ஸ்டுடியோவில் விபத்து நேர்ந்தால் கல்லூரி எந்த வகையிலும் பொறுப்பல்ல என்று முத்திரைத்தாளில் அவளிடமும் என்னிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? போட்டால் பிறகு ஒன்றும் கேட்க முடியாதா?

போடுங்கள் ஐயா, போடாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தாள் கல்லூரியைக் காப்பாற்றும் என்று நீங்களும் நம்ப வேண்டாம், அவர்களும் நம்ப வேண்டாம்.

மகளுக்கு 18 முடியவில்லை என்றால் அவள் போட்ட கையெழுத்து ஒப்பந்தமாகவே செல்லாது, 1903-லேயே, அப்போது நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த விஷயம் இது. முதலாண்டில் சேரும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு 17 தான். 18 ஆகியிருந்தாலும், பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இருக்கிறது. உயிர் போனால் அது கிரிமினல் வழக்கு, எந்தத் தாளும் அதைத் தடுக்காது. கோர்ட்டு கேட்பதெல்லாம், செய்ய வேண்டிய ஜாக்கிரதையைச் செய்தீர்களா என்றுதான். பியாஸ் ஆற்றில் பள்ளிச் சுற்றுலாவில் 14 பிள்ளைகள் மூழ்கிப்போன வழக்கில் பள்ளிதான் பொறுப்பு என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, தலைக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. சரி, அவர்கள் சின்னப் பிள்ளைகள் என்பீர்கள். 2014-இல் அதே ஆற்றில் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டு 24 பொறியியல் மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்களே, அவர்கள் காலேஜ் பிள்ளைகள். அதில் தலைக்கு 20 லட்சம் என்று தீர்ப்பானபோது, மின்வாரியத்தோடு சேர்த்துக் கல்லூரியும் ஒரு பங்கு கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தாளுக்கு ஒரே ஒரு உபயோகம் உண்டு. விதிகளை அச்சடித்துக் கொடுத்து, படித்துப் புரிந்துகொண்டேன் என்று வாங்கினால், 'சொல்லிக்கொடுத்தோம்' என்பதற்குச் சாட்சியாக நிற்கும். சொன்னதை மீறி மாணவர் தானாக இழுத்துக்கொண்ட விபத்தென்றால் நஷ்ட ஈட்டில் அவர் பங்கைக் கழிப்பார்கள். நான் பார்த்த தாள்களில் பாதியில் ஒரு விதிகூட இல்லை, 'பொறுப்பல்ல, பொறுப்பல்ல' என்று மூன்று பத்திக்கு ஒரே பல்லவி.

இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிற்காது. தாளை வாங்கிப் பீரோவில் வைத்தாயிற்று, அஞ்சு மணிக்குப் பூட்டையும் போட்டாயிற்று, இனி நமக்கென்ன என்று வீட்டுக்குப் போகிறவர்களை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இப்படித்தான் பூட்டிவிட்டுப் போவோம். சிற்பப் பட்டறையின் பின்பக்க ஜன்னலில் ஒரு கம்பி மட்டும் ஆடும், அதைக் கழற்றிவிட்டு உள்ளே குதிப்பார்கள். டியூப்லைட் போட்டால் வாட்ச்மேனுக்குத் தெரிந்துவிடும் என்று, ஒருவன் செல்போன் டார்ச்சைப் பிடிக்க இன்னொருவன் கிரைண்டர் ஓட்டுவான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கிடையாது, அது ஸ்டோர் பீரோவில், பீரோ சாவி என் வீட்டில். ஒரு நாள் டிஸ்க் உடைந்து துண்டு ஒன்று அந்தப் பையனின் புருவத்துக்கு மேல் கிழித்தது. இரண்டு விரல் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். ஆஸ்பத்திரியில் 'பைக்கிலிருந்து விழுந்தேன்' என்று சொல்லித் தையல் போட்டுக்கொண்டான், எனக்கே நாலு நாள் கழித்துத்தான் தெரியும். பூட்டு அவனைத் தடுக்கவில்லை, விளக்கையும் கண்ணாடியையும் என்னையும்தான் தடுத்தது.

அதே இடத்தில் இன்னொரு விடியற்காலை, ஓவிய ஸ்டுடியோவின் கதவிடுக்கில் புகை. பூட்டை உடைத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் பக்கெட்டில் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) துடைத்த கந்தல், பந்தாகச் சுருட்டிப் போட்டது, நடுவில் கரியாகியும் ஓரத்தில் இன்னும் வெள்ளையாகவும் இருந்தது. தீக்குச்சி யாரும் கிழிக்கவில்லை, எண்ணெய்க் கந்தல் காய்கிறபோது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். உள்ளே ஆள் இருந்திருந்தால் இரவே வாடை தெரிந்திருக்கும். எண்ணெய்க் கந்தலை விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றி மூடி போட்ட இரும்பு டப்பாவில் போடுங்கள். இதையும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தெரியும்.

கேள்வி: துறைத் தலைவராக இருக்கிறேன். மாணவர்கள் இரவு ஒன்பது வரை கேட்கிறார்கள், முதல்வர் 'ஏதாவது ஆனால் நீங்கள்தான்' என்கிறார். நடுவில் நான் என்ன செய்ய?

ரூமைப் பூட்டாதீர்கள், மெஷினைப் பூட்டுங்கள். டிராயிங், பெயின்டிங், களிமண் மாடலிங் எல்லாம் ஒன்பது வரை நடக்கட்டும். ஆசிட், வெல்டிங், கிரைண்டர், சூளை இவற்றுக்குத் தனி மெயின் ஸ்விட்சும் தனிப் பூட்டும், ஆசிரியரோ பயிற்சி பெற்ற டெக்னீஷியனோ இருந்தால்தான் திறக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர், உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் நோட்டில். வாட்ச்மேன் ரூமில் ஒரு சாவி, பக்கத்து ஆஸ்பத்திரியின் போன் நம்பர் சுவரில் பெரிய எழுத்தில். இதை எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தையில் விடாதீர்கள்.

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி இரவில் தனியாக லேத் (கடைசல் மெஷின்) ஓட்டும்போது முடி சிக்கி இறந்துபோனார். விபத்தைப் பார்க்க வந்த தொழில் பாதுகாப்புத் துறை, மெஷினில் குறைகள் இருந்ததாகச் சொல்லிவிட்டு, இறந்தவர் ஊழியர் இல்லை, மாணவி, அதனால் நடவடிக்கை எங்கள் எல்லைக்குள் வராது என்றது. நம்மூர்த் தொழில் பாதுகாப்புச் சட்டமும் தொழிலாளிக்காக எழுதியதுதான். உங்கள் பட்டறைக்கு இன்ஸ்பெக்டர் வருவார் என்று காத்திருக்காதீர்கள், அந்த வேலையையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். யேலில்கூடப் பட்டறையை ஒரேயடியாக மூடிவிடவில்லை, நேரத்தைக் குறைத்து, மெஷின் ஓடும்போது கண்காணிக்க ஆள் வைத்தார்கள்.

கேள்வி: பையன்கள் எட்டு மணி வரை வேலை செய்யலாமாம், பெண்கள் நாங்கள் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டுமாம். கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள்.

மார்க் மட்டும் ஒரே மாதிரிதானே போடுகிறார்கள்! பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர்கள் நடமாட்டத்தைக் குறைக்கக் கூடாது என்று யு.ஜி.சி.யின் 2015 விதிமுறைகளிலேயே இருக்கிறது. அதை மேற்கோள் காட்டி, எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். பாத்ரூம் விளக்கு, கேட் வரை வெளிச்சம், ஹாஸ்டலுக்கு நேரம் குறித்த கடிதம் மூன்றையும் மனுவிலேயே கேளுங்கள். துப்பட்டாவும் பின்னலும் மட்டும் மெஷின் பக்கம் வேண்டாம். கொண்டை போட்டு, கோட் மாட்டுங்கள். குடுமி வைத்த பையன்களுக்கும் இதேதான்.

கேள்வி: ஸ்டுடியோவில் அடிபட்டது. இன்சூரன்ஸ் கிடைக்குமா?

எப்போது, எதில், எங்கே அடி, எந்த பாலிசி, ஒன்றுமே எழுதவில்லை. நான் ஜோசியன் இல்லை தம்பி. பொதுவாகச் சொன்னால், கல்லூரி எடுப்பது குழு விபத்து பாலிசியாக இருக்கும். உடனே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரிச் சீட்டில் நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும். 'பைக்கிலிருந்து விழுந்தேன்' என்று சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள்.

கேள்வி: கல் சிற்பம் செதுக்கும்போது கர்ச்சீஃப் கட்டிக்கொள்கிறேன். போதுமா?

போதாது. கண்ணுக்குத் தெரிகிற தூசியைத்தான் அது நிறுத்தும், நுரையீரலைக் கெடுப்பது தெரியாத தூசி. என்-95 மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்துச் செதுக்குங்கள். சிலிகோசிஸ் (அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய்) வந்தால் திரும்பாது, கூடவே காசநோயையும் அழைத்து வரும். இருபது வருஷம் கழித்து வருகிற இருமலுக்கு மேலே சொன்ன விபத்து பாலிசி ஒரு பைசா தராது. செராமிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்: காய்ந்த களிமண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

கேள்வி: டிஸ்பிளேவுக்கு ஃபோம் ஸ்பிரே அடித்து இன்ஸ்டலேஷன் செய்கிறோம், புரொஜெக்டரும் உண்டு. பிரச்சினை இல்லையே?

இருக்கிறது. 2014 மே மாதம் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ ஸ்கூல் ஆஃப் ஆர்ட்டின் நூறு வருஷக் கட்டடத்தில் இதே டிஸ்பிளே சமயம், இதே ஃபோம், இதே புரொஜெக்டர். டப்பாவிலிருந்து வந்த கேஸ் சூடான புரொஜெக்டரில் பற்றி, புகழ்பெற்ற நூலகம் முழுக்கச் சாம்பல். ஃபோமை வெளியில் அடித்து, காயவிட்டு, பிறகு உள்ளே தூக்கி வாருங்கள்.

கேள்வி: பழைய மாணவன் நான். இரவில் வந்து அச்சு ப்ரெஸ்ஸை உபயோகிக்கலாமா?

பகலில், லெட்டர் கொடுத்துவிட்டு, ஆசிரியர் இருக்கும்போது. உங்கள் பெயர் பாலிசியில் இல்லை.

கேள்வி: சொந்தக் கையையே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முக்கி அச்சு எடுக்கப் போகிறேன். வாஸ்லைன் தடவிக்கொண்டால் போதும்தானே?

முக்காதீர்கள். 2007-இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி ஒரு வாளிப் பிளாஸ்டரில் இரண்டு கையையும் வைத்தாள். இறுகும்போது அது கொதிக்கக் கொதிக்கச் சூடேறும், கையை வெளியே இழுக்கவும் முடியாது. விரல்களில் பெரும்பாலானவற்றை எடுக்க வேண்டியதாயிற்று. வயது 16. ஆல்ஜினேட் என்ற அச்செடுக்கும் பவுடரை வாங்குங்கள், பல் டாக்டர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். அதில் அச்சு எடுத்துவிட்டு, கையை வெளியே உருவிய பிறகு பிளாஸ்டரை ஊற்றுங்கள்.